மூன்று பிந்துக்கள்

எங்கள் வீட்டில் மலையாளம் ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான் என்ற தலைக்கனம் எனக்கு அந்த வயதில் இருந்தது. அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தும் கோபம் வந்தால் தமிழுக்குத் திரும்பிவிடுவார். அம்மா மீன்காரியிடம் பாதியைக் கையால் பேசுவாள். நானோ கொச்சங்காடியில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுத்துக்கூட அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில் சித்தப்பாவுக்கு எங்கள் தெருவிலேயே ஒரு சுக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. அம்மாவின் தங்கையான சித்தியும் அவரும் விருதுநகரிலிருந்து எங்கள் வீட்டுக்கே குடிவந்தார்கள். சித்தி கணக்கில் பட்டம் வாங்கியவள். வந்த மூன்றாம் மாதமே, தோப்பும்படியில் ஒரு பாரலல் காலேஜில் கணக்குக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டு வந்தார். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும் பரீட்சையில் தோற்றவர்களும் பிரீ-டிகிரிக்குப் படிக்கும் தனியார் இடம் அது. முதலில் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக்காட்ட வேண்டும். பாடம், பல்லுறுப்புக் கோவைகளுக்கு வரைபடம் வரைவது. மலையாளத்தில் விளக்க வேண்டும்.

பின்கட்டுக் கதவு கரும்பலகையாயிற்று. நான் மாணவியும் ஆனேன், வாத்தியாரும் ஆனேன்.

"இந்தப் புள்ளியிலிருந்து கோடு மேலே ஏறும்" என்பாள் சித்தி.

"புள்ளின்னா இங்க ஆளு சித்தி. பிந்துன்னு பறையணும். ஏறும் இல்ல, கயறும்."

"பிந்துங்கறது பொண்ணு பேராச்சே?"

"எங்க கிளாஸ்ல மூணு பிந்து இருக்காளுக."

சித்தி சிரித்து, கதவில் மூன்று பிந்துக்களை வைத்தாள். ஒரு எண்ணை எடு, அதையே மூன்று தரம் வைத்துப் பெருக்கு, வந்ததிலிருந்து அந்த எண்ணைக் கழி. ஒன்றை எடுத்தால் விடை பூஜ்யம். பூஜ்யத்தை எடுத்தாலும் பூஜ்யம். கழித்தல் ஒன்றுக்கும் அதேதான். மூன்றும் படுக்கைக் கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்தன.

"இப்ப சேர்த்து வரை" என்றாள்.

ஸ்கேல் வைத்து நேர்கோடு இழுத்தேன். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சாக்குக்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து எனக்கே சந்தேகம் வந்தது.

"சித்தி, நடுவுல என்ன இருக்கு?"

"நீயே பாரு. அரையைப் போடு."

அரையை அரையால் பெருக்கினால் கால். இன்னொரு தடவை பெருக்கினால் அரைக்கால். அதிலிருந்து அரையைக் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. இந்தப் பக்கம் ஒரு குழி. அந்தப் பக்கம் கழித்தல் அரையைப் போட்டால் அதே அளவுக்கு ஒரு குன்று. தட்டையாகக் கிடந்த இடத்தில் இதெல்லாம் ஒளிந்திருந்ததை என்னால் நம்ப முடியவில்லை. அன்று முழுக்கக் காலையும் அரைக்காலையும் போட்டுப் பார்த்துக் கதவை நிரப்பினேன்.

மாதிரி வகுப்பன்று சித்திக்கு வழி தெரியாதென்று நானும் பஸ்ஸில் கூடப் போனேன். மளிகைக் கடைக்கு மேலே இருந்தது வகுப்பறை. நாற்பது பேர் இருக்கும். பின் பெஞ்சில் பிரின்சிப்பல். எனக்கு முன் பெஞ்சின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள்.

சித்தி நன்றாகவே பேசினாள். பிந்து என்றாள், கயறும் என்றாள். மூன்று பிந்துக்களையும் வைத்துவிட்டு, "இது மூணும் சேர்த்து வரச்சா எந்து கிட்டும்?" என்று கேட்டாள். ஒரு பெண் எழுந்து வந்து நேர்கோடு இழுத்துவிட்டுப் போனாள். சித்தி பேசாமல் நின்றாள்.

இரண்டாம் வரிசையில் ஒரு பையன் பலகையைப் பார்த்து முகம் சுளித்தான். அவன் கை மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. சித்தி அப்போதும் பேசவில்லை. அவளுக்கு மலையாளம் மறந்துபோய்விட்டது என்று எனக்குத் திகிலாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன். "அரை இட்டு நோக்கணும். அப்போ குழி வரும். மற்றே சைடில் குன்னு வரும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் கையை இறக்கிக்கொண்டான். சித்தி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அரையைப் போட்டு வளைவை வரைந்து முடித்தாள்.

வெளியே வரும்போது பிரின்சிப்பல் என் தலையைத் தடவினார். "பறஞ்ஞு படிப்பிச்சு கொண்டுவந்நதா, அல்லே?" முன்பே சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்ததுதானே என்று சித்தியிடம் கேட்டார். சித்தி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதே சாரே. சித்தி எந்நும் படிப்பிக்கும்."

ஆமாம், தினமும் சொல்லிக்கொடுப்பாள் என்று நான் பெருமையாகச் சொன்னதும் அவர் சிரித்தார். அதை எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வழியெல்லாம், நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, "ஆமாம்மா, நீ வந்தது நல்லதாப்போச்சு" என்றாள்.

வேலை கிடைக்கவில்லை. சேதி கொண்டுவந்த சித்தப்பா காரணத்தைச் சித்தியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா கேட்டதற்கு, "மலையாளம் போதாதுன்னுட்டாங்க அக்கா" என்றாள் சித்தி, என்னைப் பார்க்காமல்.

எனக்கு அழுகை வந்தது. வாத்தியார் நானல்லவா. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் இரண்டாம் வகுப்பு மலையாளப் புத்தகத்தைத் தேடி எடுத்து, சித்தியைக் கதவுக்கு எதிரே உட்காரவைத்தேன். முதல் பாடத்திலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தப்பு வந்த இடத்திலெல்லாம் கண்டிப்பாக நிறுத்தித் திருத்தினேன். இன்னும் கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த வேலை கிடைத்திருக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அடுத்த வருஷம் வேறோர் இடத்தில் வேலை கிடைக்கும்வரை சித்தி தினமும் என் முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னபடியெல்லாம் படித்தாள்.