சுண்ணாம்பு கேட்ட செண்பகம் அக்கா

செண்பகம் அக்கா போய்விட்டார் என்று மில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் இருந்தேன். மாரடைப்பு. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒருவர், "அதிர்ந்து பேசாதவர்" என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்லில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மேனேஜரும் அதையே பாடினார்: "பொறுமையின் சிகரம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை."

அவரோடு வேலை பார்த்தவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நம்ம அக்காவா?

மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதிக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் பிளாண்டில் அவர் கெமிஸ்ட், நான் இன்ஜினியர். போன ஐப்பசி மழையில் மலைத்தண்ணீர் கலங்கி வந்தது. படிகாரம் போட்டும் தெளியவில்லை. "இன்னும் நாலு கட்டி போடுங்க" என்றார் மேனேஜர்.

"படிகாரம் போதும் சார். சுண்ணாம்புதான் வேணும்" என்றார் அக்கா.

"அப்ப வெத்தலயும் வாங்கிருவமாம்மா?"

"வெத்தல நீங்க போடுங்க சார், வாயாவது செவக்கட்டும். தண்ணிய நான் பாத்துக்கிடுதேன்."

தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

விஷயம் எளியது. படிகாரத்திலுள்ள அலுமினியம், தன்னைச் சூழும் தண்ணீரின் ஆக்சிஜனிலிருந்து எலெக்ட்ரான்களை இழுக்கும். அந்த இழுப்பில் ஹைட்ரஜன் கழன்று அமிலமாகும். அதை அடக்கச் சுண்ணாம்பு போல ஒரு காரம் இருந்தால்தான் அலுமினியம் கூழாகத் திரண்டு, சேற்றோடு அடியில் படியும். எங்கள் மலைத்தண்ணீரில் காரம் குறைவு. சுண்ணாம்பில்லாமல் படிகாரத்தை மட்டும் கொட்டினால் தண்ணீர் புளிக்கும்; அலுமினியமும் கரைந்தே குடிப்பவர் வயிற்றுக்குப் போகும். "அலுமினியம் பசிச்ச பய தம்பி. சோறு போடாம வேல வாங்க முடியுமா?" என்பார் அக்கா.

மேனேஜர் கேட்கவில்லை. கட்டிகள் விழுந்தன. அக்கா ஒரு தம்ளர் பிடித்து அவரிடமே நீட்டினார். "குடிங்க சார். பொறவு பிள்ளைகளுக்குத் தெறந்துவிடுதேன்." அவர் வாங்கவில்லை. அக்கா விடுதி வால்வை மூடிவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் சுண்ணாம்பு மூட்டை வந்தது, தண்ணீர் தெளிந்தது. அடுத்த வாரமே அக்காவை ஸ்டோருக்குத் தூக்கி அடித்தார்கள்.

அனுப்பிய அதே வாய்தான் இப்போது சிகரம் என்கிறது. செத்தவர் எழுந்துவந்து மறுக்கமாட்டார் என்ற தைரியம். கூட்டத்திலேயே கேட்டேன்: "எதிர்த்துப் பேசினதுக்குத்தான சார் ஸ்டோருக்கு அனுப்புனீங்க?" மைக்கை அணைத்தார்கள். பின்வரிசையில் விடுதிப் பெண்கள் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் தட்டக்கூடாதாம்; தட்டினார்கள்.

பொறுமையை மேடையில் இருந்தவர்களே பங்கு போட்டுக்கொள்ளட்டும். அது அக்காவிடம் இருந்ததே இல்லை. எனக்கு அவருடைய கோபம் போதும்.