ஹாரன் அடித்தால் கியர் இறங்கும்

போன ஞாயிறு கொல்லிமலையில் ஒரு பழைய வெள்ளைக் கார், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி இறங்கியதே... பார்த்தீர்களா? திட்டினீர்களா? அது நான்தான்!

கிளட்ச் மிதிக்க என் இடது கால் ஒத்துழைக்காது. சின்ன வயதில் வந்த போலியோ. அதனால்தான் செகண்ட் ஹேண்டில் ஓர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். மகள் மலைமேல் செம்மேட்டில் நர்ஸ். மாதம் ஒரு முறையாவது அவளைப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஏறும்போது சிக்கலில்லை. இறங்கும்போதுதான் வம்பு. என் காரில் கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் நானாகக் குறைக்க வழியில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கே கதி. இரண்டு மாதம் முன்பு, பாதி வழியில், சக்கரத்திலிருந்து புகை!

"வண்டிய வித்துப்போடு. புள்ளகிட்ட போன்லயே பேசிக்க" என்றார் கணவர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

கடைசி முயற்சியாக, சேந்தமங்கலத்தில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு வயரிங் செய்யும் நசீர் பாயிடம் போனேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, கையில கியர் மாத்துற வசதி உங்க கார் கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்க. சுவிட்சுதான் வெக்காம உட்டுட்டாங்க."

ஸ்டியரிங்கில் இரண்டு பட்டன் வைத்தார். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. சோதித்துப் பார்க்க என் பக்கத்தில் உட்கார்ந்து மலைக்கும் வந்தார். முதல் வளைவிலேயே பட்டனை மறந்தேன். கை ஹாரனுக்குத்தான் போனது. இரண்டாவதிலும் ஹாரன். மூன்றாவதிலும்... இத்தனை வருடப் பழக்கம் லேசில் விடுமா?

"இது எனக்குச் சரிப்படாது பாய்" என்றேன், அழாத குறையாக.

"நீங்க எதுக்குங்க்கா மாறோணும்? வயர மாத்திக்கலாமுங்க."

மறுநாள், கியரை இறக்கும் வயரை ஹாரனோடே இணைத்துவிட்டார். டேஷ்போர்டில் தனியாக ஒரு சுவிட்ச். மலையில் அதைப் போட்டுக்கொண்டால், ஹாரன் அடித்ததும் கியர் இறங்கும். இரண்டாவது கியருக்குக் கீழே போகாது. ஊருக்குள் சுவிட்சை அணைத்துவிட்டால் வெறும் ஹாரன்தான்.

போன ஞாயிறு மகளும் என்னோடு இறங்கினாள். அடிவாரத்தில் காரை நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்தாள். "பொகை நாத்தமே இல்லம்மா. அடுத்த மாசமும் வந்துரு!"

'நீ மாறணும்' என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். எனக்காக வயரை மாற்றியவர் நசீர் பாய் ஒருவர்தான்.

அதனால், அடுத்த மாதமும் மலையில் ஹாரன் கேட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள். அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு இறங்குகிறேன் — எழுபது முறை!