நான் அழித்த நங்கூரம்

அத்தானுடைய வலது புயத்தில் ஒரு நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. உள்ளங்கையளவுகூட இருக்காது. கப்பலில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏதோவொரு துறைமுகத்தில், கூட வேலை செய்தவர்கள் உசுப்பேற்றிவிட்டதால் குத்திக்கொண்டதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் நல்ல கறுப்பு. அந்தத் தோலில் நங்கூரம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மங்கல். எனக்கு மட்டும் அது எங்கள் வீட்டு ஒழுங்கையின் மறுமுனையிலிருந்தே தெரிந்தது.

நாங்கள் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிற குடும்பம். அக்கா குருநகர்க் கடற்கரைக் கத்தோலிக்கர் ஒருவரை விரும்பிக் கட்டியபோது அப்பா இரண்டு வருடம் அவளுடைய பெயரை வீட்டில் உச்சரிக்க விடவில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் மனம் இளகினார். அந்த வருடக் கோயில் திருவிழாவுக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். வேறு சமயத்தவர்தானே, வெளியில் நிற்பார் என்று நினைத்தேன். அவரோ வேட்டி கட்டி, எங்கள் முறைப்படி மேற்சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா ஆண்களையும் போல வெறும் மேலோடு உள்ளே வந்தார். சுற்றி நின்றவர்களின் கண்கள் அந்தப் புயத்துக்குப் போய், அங்கிருந்து அப்பாவுக்கு வந்தன. ஒருவர் என்னிடம், "உவர் எந்தப் பக்கத்து ஆள்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டே கேட்டார். நான் கேட்காதவன் போல நகர்ந்துவிட்டேன். அந்தக் கோயிலடிக் குடும்பமொன்றில்தான் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்போது நான் கோப்பாயில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். டொக்டர் இல்லாத நாட்களில் புண்ணுக்குக் கட்டுவதும் நான்தான். சனம் என்னைக் 'குட்டி டொக்டர்' என்று பகிடியாகக் கூப்பிடும். எனக்கு அது பகிடியாகப் படவில்லை, உண்மையாகவே படத் தொடங்கியிருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்கூட இல்லை.

சண்டைக்காலம். கொழும்பில் ஒரு கப்பல் வேலை வந்திருக்கிறது, அத்தான் உடனே போகவேண்டும் என்று கடிதம் வந்தது. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, வவுனியாவில் இராணுவச் சோதனை முடித்துத்தான் போகலாம். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்லி, சண்டைக்காயம் இருக்கிறதா என்று உடம்பைப் பார்ப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பச்சை குத்தின கையைக் கண்டால் சந்தேகப்படுவார்கள், ஒரு மாதம் பொறுத்துப் போங்கள், நான் தடயமில்லாமல் எடுத்துவிடுகிறேன் என்றேன். அக்கா பயந்து போனாள். அவளும் சேர்ந்து கெஞ்சினாள். அத்தான் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி மச்சான், நீர் சொன்னால் சரி" என்றார்.

டொக்டர் ஊரில் இல்லாத ஒரு பின்னேரம் அவரை டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டேன். பாலுண்ணி எரிக்க வைத்திருந்த அமிலப் போத்தல் அலுமாரியில் இருந்தது. டொக்டருடைய பழைய வெளிநாட்டுப் புத்தகமொன்றில் பச்சை அழிப்பது பற்றி ஒரு பக்கமும், முன்னும் பின்னுமாக இரண்டு படங்களும் இருந்தன. இரண்டாவது படத்தில் கை துடைத்த மாதிரி இருந்தது. படத்திலிருந்த கை வெள்ளைக்காரனுடையது என்பது என் கண்ணில் படத்தான் பட்டது. தோல் தோல்தானே என்று நினைத்தேன். அத்தான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒருதரம் பூசியதும் தோல் வெளுத்தது, நங்கூரம் போகவில்லை. திரும்பவும் பூசினேன். கருகின மணம் வந்தது. அவர் முகம் வியர்த்து வழிந்தது, ஆனால் கையை இழுக்கவில்லை. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம்.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் சென்றது. ஆறிய இடம் அடங்கவில்லை. தடித்து, மேடாகி, மினுங்கிக்கொண்டு, நங்கூரம் இருந்த அளவையும் தாண்டிப் பரவியது. சுற்றிவரத் தோல் இன்னும் கறுத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் இப்போது அது தெரிந்தது, குண்டுபட்டு வெந்த காயம் போல.

கொழும்பிலிருந்து கடைசித் தவணைக் கடிதம் வந்ததும் அவர் புறப்பட்டார். வவுனியாவில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இது எந்தச் சண்டையில் பட்டது என்று கேட்டார்கள். பச்சை குத்தியிருந்தேன், அமிலம் பூசி அழித்தேன் என்றிருக்கிறார். என்ன பச்சை என்று கேட்க, நங்கூரம் என்றிருக்கிறார். நங்கூரத்தை எவனாவது அமிலம் ஊற்றி அழிப்பானா என்று கேட்டார்களாம். அதே வரிசையில் நின்ற ஒரு கடற்றொழிலாளியின் மார்பில் பெரிய சிலுவை பச்சை குத்தியிருந்ததென்றும், அவனை எட்டியும் பார்க்காமல் அனுப்பினார்களென்றும் பிறகு அத்தான் சொன்னார்.

பதினொரு மாதம் தடுப்புக் காவலில் இருந்தார். கப்பல் வேலை போனது. இடது காதும் கேட்காமல் போனது. எப்படி என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் உள்ளே இருந்தபோதுதான் என் கல்யாணம் நடந்தது. அக்கா வரவில்லை. ஆனால் அவள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "என்ரை தம்பி அவரைக் காப்பாத்தத்தான் செய்தவன்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

இப்போது நான் குளிர்நாடொன்றில் இருக்கிறேன். போன மாதம் என் மகள் மணிக்கட்டில் குத்தியிருந்த பச்சையை லேசரில் எடுக்கப் போனாள், நானும் துணைக்குப் போனேன். தோல் வைத்தியர் எங்களைப் போலக் கறுத்த பெண். குடும்பத்தில் யாருக்காவது காயம் ஆறிய இடம் தடித்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். மையை உடைக்கிற ஒளி நம் தோலின் நிறத்தையும் மையென்று நினைத்துச் சுட்டுவிடும், அதனால் மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகிற ஒளியைத்தான் எடுக்கவேண்டும், அதையும் மெல்லமாக வைக்கவேண்டும் என்றார். அன்றைக்கு ஒரு பயற்றளவு இடத்தில் மட்டும் வைத்தார். அந்த இடம் எப்படி ஆறுகிறதென்று பார்த்துத்தான் மிச்சம், ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் வாரக்கணக்கில் விடவேண்டும், அவசரப்பட்டால் பச்சை போய்த் தழும்பு நிற்கும் என்றார். மகள் அலுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். தோலைப் பற்றித் தெரியாமல் செய்தது மெய். எதற்காகச் செய்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று பின்னேரம் குருநகருக்குத் தொலைபேசி எடுத்தேன். அத்தான்தான் எடுத்தார். கேட்கிற காதில் வைக்கச் சொல்லிவிட்டு, மகளின் கைக்கதையைச் சொன்னேன். பிறகு, சோதனைக்குப் பயந்து என்று நான் சொன்னது பொய், கோயிலில் நடக்கிற என் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் உங்கள் கையைப் பார்க்கக் கூடாது என்றுதான் செய்தேன் என்றேன்.



"அது எனக்கு அண்டைக்கே தெரியும், மச்சான்" என்றார். "உம்மடை அக்கா தம்பியின்ரை கல்யாணத்திலை முன்னுக்கு நிக்க வேணுமெண்டு ஆசைப்பட்டவ. என்னாலை அவ பின்னுக்கு நிக்கக் கூடாதெண்டு நினைச்சன். அதுதான் கையைத் தந்தனான்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. ஆர், என்ன இவ்வளவு நேரம் கதை என்று கேட்டாள்.

"தம்பிதான்" என்றார் அத்தான். "மகளுக்குக் கையிலை வருத்தமாம். என்ரை கையை நினைச்சுக் கவலைப்படுறார்."

அக்கா தொலைபேசியை வாங்கினாள். அவர் அப்பவே அதெல்லாம் மறந்திட்டார், நீ எங்களுக்கு நல்லதைத்தானே நினைச்சனீ என்றாள்.

நான் ஓம் அக்கா என்றேன்.