சோத்துப் படக்காரர்

சாப்பாட்டுப் படம் வரைகிறவனை வயிறு நிறைந்தவர்கள் பாராட்டுவார்கள், மற்றவர்கள் முறைப்பார்கள். படம் போட்டுப் பிழைத்த என்னைப் போன்ற துரதிர்ஷ்டசாலிகளுக்கு இது தெரிந்ததுதான். அறுபதுகளில் நான் பொன்னேரியில் குடியிருந்தேன். ஓட்டல் சுவர்களில் பலகாரம் வரைவேன். வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறி சென்னைக்குப் போய், தெருவில் நடப்பவர்களையும் தின்பவர்களையும் வரைந்து ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுப்பேன். ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது. சோத்துப் படக்காரர் என்றால் வீட்டைக் காட்டுவார்கள்.

ஆவி

ஸ்டேஷன் பக்கம் ஓட்டல் வைத்திருந்த கன்னியப்பன் முதலில் இட்லி கேட்டார். வாழையிலை, நாலு இட்லி, சட்னி. இரண்டு நாள் வேலை. கடைசியில் ஆவி பறக்கிற மாதிரி மூன்று கோடு இழுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

கன்னியப்பன் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி நைனா, அந்தப் பொகைய மட்டும் எடுத்துடு. நம்ம இட்லி ஏழு மணிக்கே ஆறிப் பூடுது. எட்டு மணிக்கு வர்றவன் செவுத்தக் காட்டி சண்டைக்கு நிப்பான்."

முழுச் சாப்பாடு

அதே ஓட்டலின் வெளிச்சுவரில் முழுச் சாப்பாடு வரைந்திருந்தேன். சோற்றுக் குவியல், குழம்பு, அப்பளம். பிறகு அரிசி கிடைக்காத வருஷம் வந்தது. ஓட்டலுக்குள் கோதுமை உப்புமா மட்டும்தான். ரேஷன் வரிசை அந்தச் சுவரை ஒட்டியே நிற்கும். ஒருநாள் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை, சுவரில் இருந்த சோற்றைக் கையால் வழித்து வாயில் வைத்துக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அவள் அதன் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே கன்னியப்பன் ஆள் அனுப்பினார். நான் போகும்போது சுண்ணாம்பு வாளியும் மட்டையும் தயாராக இருந்தன. சோற்றை அடித்து மறைத்தேன். இலை நன்றாக வந்திருந்ததால் அதை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எலையும் சேத்து அடிச்சிடு. வெறும் எலையப் பாத்தா இன்னும் பசிக்கும்."

கூழ்

அதே வருஷம், சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே ஒரு நடைபாதைக் கூழ்க்கடை. கூலி வேலை செய்யும் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. நோட்டை எடுத்து வரைந்தேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார். குவளையோடு எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அத்தக் கிழிச்சிடுண்ணா. நான் இங்க குடிக்கிறது ஊட்டுக்குத் தெரிய வாணாம். அங்க ரெண்டு நாளா யாரும் துன்னல."

கஞ்சி

எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லம்மா வந்தாள். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவந்து பொன்னேரி மார்க்கெட்டில் விற்பவள். அவள் புருஷனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. போட்டோ ஒன்றும் எடுத்ததில்லை. "அவரு மூஞ்சி எனக்கே அப்பப்ப மறந்து பூடுதுண்ணா" என்றாள். நான் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை.

அவள் சொல்லச் சொல்ல மூக்கு, மீசை, நெற்றி என்று நாலு தடவை வரைந்தேன். நாலு தடவையும் தலையை ஆட்டினாள். கடைசியில், வீட்டில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கேட்டேன். அதை மட்டும் நிறுத்தாமல் சொன்னாள். எந்த மூலை, எந்தச் சட்டி, இடது கையில் எப்படிக் கருவாடு வைத்திருப்பார் என்றெல்லாம். கஞ்சிச் சட்டிமேல் கவிழ்ந்த தலை, தோள் எலும்பு, முதுகு. அவ்வளவுதான் வரைந்தேன். முகமே இல்லை.

அவள் படத்திலிருந்த தோள்மேல் விரல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவருதான். கஞ்சி குடிக்க சொல்லோ கூப்ட்டாகூட நிமிர மாட்டாரு."

பத்திரிகை

படத்தை அவள் எடுத்துப் போய்விட்டாள். நான் வரைந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று மனசு அரித்தது. அவளிடம் கேட்காமல் அதேபோல இன்னொன்று வரைந்து பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் திருட்டுப் பொருளைத் தூக்கிப் போவதுபோல இருந்தது.

ஆசிரியர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேஜையில் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். "ஆளோட முகமும் தெரியலை, குடிக்கிறது என்னன்னும் தெரியலை. எதை சார் பாக்கச் சொல்றீங்க?"

மொத்தத்தில் அடித்து மறைப்பதும் கிழித்துப் போடுவதும்தான் என் தொழிலாக இருந்தது, நடுவில் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் வரைந்திருக்கிறேன்.