ஓடுவதற்கு ஒரு வேலி

மேல்வீட்டில் கோலிக்குண்டு உருள்கிறது. இந்தத் தீவின் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். உருட்டுவது யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாய் என்கிறார்கள். எனக்கு அது நகம். தரையில் நகம் தட்டத் தட்டக் கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கும் நாலு கால். சட்டென்று எழுந்துவிடுகிறேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

அவன் சலூக்கி இனம். பாலைவனத்து வேட்டைநாய். அவனைப் போன்ற நாய்களை எகிப்தின் கல்லறைச் சுவர்களில் வரைந்து வைத்திருக்கிறார்கள்: அதே ஒட்டிய வயிறு, அதே மயிர் தொங்கும் காது. சுடுமணலில் பாதம் பொசுங்காமலிருக்க ஒட்டகத்தின்மேல் தூக்கிக்கொண்டு போவார்களாம். மான் கண்ணில் பட்டதும் இறக்கிவிடுவார்களாம். மோப்பமெல்லாம் அப்புறம். கண் பார்த்தால் கால் ஓடும். அப்படிப்பட்டவன் சிராங்கூனில் நான் வாடகைக்கு இருந்த தரைவீட்டுக்கு வந்து சேர்ந்தான். பக்கத்து வீட்டுக் குடும்பம் நாடு மாறிப் போனபோது விட்டுச் சென்றது.

நடக்கக் கூட்டிப் போனால் பூங்காவில் யாராவது நிறுத்துவார்கள். “எலும்பை எண்ணிடலாம் போல இருக்கே, சோறு போடறதில்லையா?” அவன் உடம்பே அப்படி என்றால் நம்பமாட்டார்கள். தேக்கா சந்தைக் கறிக்கடை பாய்தான் நம்பினார்.

“என்னக்கா, இளவரசருக்கு இன்னைக்கு என்ன?”

“கொழுப்பில்லாத கறி, பாய்.”

“எனக்கும் டாக்டர் அதான் சொல்லியிருக்காரு. என்னைய யாரு தத்தெடுக்குறது?”

இளவரசன்தான். காதைத் துணிப்பட்டையில் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் காது மயிரெல்லாம் சோறு. வெறுந்தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும், மெத்தை வேண்டும். குரலை உயர்த்திவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வான். கூப்பிட்டால் வரமாட்டான், யோசிப்பான். ஆனால் மைனா ஒன்று எழும்பினால் போதும், என் தோள்பட்டை கழன்றுவிடும். துரத்தும்போது காரும் தெரியாது, என் குரலும் கேட்காது. அதனால் வெளியே வாரைக் கழற்றியதே இல்லை. நானும் ஓர் இடத்தில் உட்காராதவள். ஒரு வரி எழுதினால் இரண்டு தெரு நடக்க வேண்டும். ஒரே வாரின் இரண்டு முனைகளில் நாங்கள் வருடக்கணக்கில் நடந்தோம். யார் யாரை இழுத்தது என்று சொல்ல முடியாது.

பிறகு வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டார். எனக்குக் கிடைத்தது கேலாங் பக்கம் அடுக்குமாடி. அங்கே சின்ன நாய்க்குத்தான் அனுமதி. அவனை எங்கே விடுவது? தூக்கம் போனது. தெரிந்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறான் என்றார்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பாய்தான் சொன்னார்: “கிராஞ்சிப் பக்கம் செடிப் பண்ணை வச்சிருக்கிற தங்கச்சி ஒண்ணு நம்மகிட்டதான் கறி வாங்குது. ரெண்டு நாய் வளக்குது. கேட்டுப் பாக்கவா?”

நாயை ஏற்றும் டாக்சியில் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையில், குறை கண்டுபிடிக்கப் போனேன். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் போதும், அதே டாக்சியில் திரும்பிவிடலாம்.

“வேலி உயரம் பத்தாதே.”

“ஆறடி லா அக்கா. நானே குதிக்க முடியாது.”

“வெயில் அதிகமா இருக்கே.”

“பாலைவனத்து ஆளுக்கு வெயிலா?” என்று சிரித்தாள் பண்ணைக்காரி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நகமெல்லாம் மண், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் ‘லா’. “காலைல ஓடுவான், மத்தியானம் நிழல்ல மெத்தை. ரிலாக்ஸ் லா. வாரைக் கழட்டுங்க.”

“எனக்குப் பழக்கமில்ல.”

“அவனுக்கும்தான்.”

கழற்றினேன். நின்றான். என்னைப் பார்த்தான். தூரத்தில் கொக்கு ஒன்று சிறகை அசைத்தது.

அது ஓட்டமா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு காலும் தரையை விட்டு மேலே, உடம்பு மடங்கி விரிந்து மடங்கி. கொக்கு எப்போதோ பறந்துவிட்டது, அவன் நிறுத்தவில்லை. வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி, புல் தெறிக்க, காது பின்னால் பறக்க. என் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு நாக்கைத் தொங்கவிட்டபடி வந்து, செடிகளின் நிழல்வலைக்குக் கீழே விழுந்து, அப்படியே தூங்கிப்போனான். அவன் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த அந்த நடையை அவன் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

டாக்சியைப் போகச் சொல்லிவிட்டேன். காதுத் துணியை அவள் கையில் கொடுத்தேன். எப்படிக் கட்டுவது என்று இரண்டு முறை காட்டினேன். மூன்றாம் முறை அவளே கையைப் பிடித்து நிறுத்தினாள்.

நான் வெளியே வந்து கதவைச் சாத்திய சத்தத்தில் விழித்துவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்து நிமிர நின்றான். சாலையின் கோடியில் பேருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்குத் தெரியும்? பையைத் தோளில் இறுக்கிக்கொண்டேன். பின்னால் அவள் குரல்:

“அக்கா, ஓடாதீங்க! நீங்க ஓடினா இவனும் ஓடி வந்து வேலியில மோதுவான். பஸ் போனாப் போகட்டும் லா. நடந்தே போங்க.”