பறியும் சிரிப்பும்

பழவேற்காடு ஏரியில் ஓர் இறால் ஊறுகாய் விளம்பரம் படமாகிறது. விளம்பர நிறுவனத்தின் வேலையைப் பார்க்க வந்த கல்லூரி மாணவர்களோடு நானும் கரையில் நிற்கிறேன்.

முழங்காலளவு நீரில் லட்சுமி நிற்கிறார். சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருக்கிறார். அப்போதுதான் இரண்டு கையும் வேலை செய்யும்.

“வாயில கூடை இருந்தா சிரிப்பு தெரியலக்கா. இடுப்புல வைங்க,” என்கிறார் இயக்குநர். காலையிலிருந்து இதே காட்சி. பறிக்குள் இருப்பது அவர்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த இறால்.

“தண்ணி ஏறுது சாரே. அப்பால சேறு எட்டாது. நான் இன்னாத்த புடிக்கிறது?”

“ஒரே டேக்.”

“காலைலயும் இதான சொன்ன. நீ எறங்கி சிரிச்சிக் காட்டு நைனா.”

மாணவர்கள் சிரிக்கிறார்கள். கேமரா நிற்கவில்லை.

படப்பிடிப்பு முடியும்போது தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது. இறால் பிடிக்க வந்த மற்ற பெண்கள் பறி நிறைய இறாலோடு கரையேறிப் போய்விட்டார்கள். உதவியாளர் ஒருவர் லட்சுமியின் பறியை வாங்கி, இறாலை ஐஸ் பெட்டிக்குள் கவிழ்க்கிறார்.

“அந்த எறாலயாவது வுட்டுட்டுப் போயேன்.”

“கம்பெனி பொருள்க்கா.”

வெறும் பறியைத் திருப்பித் தருகிறார். மாணவர்கள் இயக்குநருக்குக் கைதட்டுகிறார்கள்.