இருபத்து நான்காவது உருண்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லிக் கேட்டதல்ல, எனக்கே நடந்தது. நள்ளிரவு, பாழடைந்த பங்களா, வெள்ளை உருவம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நடந்தது பட்டப்பகலில். பிற்பகல் 3:16 முதல் 3:29 வரை, பதின்மூன்று நிமிடம். நான் ஸ்டேஷன் மாஸ்டர். வேறு எதில் பொய் சொன்னாலும் நேரத்தில் சொல்ல மாட்டேன்.

எங்கள் தடம் நகரத்திலிருந்து கடற்கரை வரை போகிறது. உப்பு ஏற்றி வரப் போட்ட பாதை இது. பிறகு காற்று வாங்கப் போனவர்கள் ஏறினார்கள், அப்புறம் கடற்கரையில் வீடு கட்டிக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறவர்கள் ஏறினார்கள். நகரப் பக்கமெல்லாம் இரட்டைப் பாதை ஆகிவிட்டது. கடைசி மூன்று ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள இரண்டு பிரிவுகள் மட்டும் இன்னும் ஒற்றைப் பாதை. என் ஸ்டேஷன் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுக்கும் கடற்கரைக்கும் இடையில் கழிமுகத்தின் மேல் ஒரு குறுகிய பாலம். இன்னொரு தண்டவாளம் போட அதில் இடமில்லை.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் பார்த்துக்கொள்வது ஓர் இரும்பு உருண்டை. டோக்கன் என்போம். பெரிய எலுமிச்சை அளவு இருக்கும், எந்தப் பிரிவுக்கு உரியது என்று அதன் மேல் பொறித்திருக்கும். அதைத் தோல் பையில் போட்டு, பையை ஒரு பிரம்பு வளையத்தில் மாட்டி ஓட்டுநர் கையில் கொடுப்போம். உருண்டை கையில் இருந்தால் பாதை அவருடையது. ஒன்று வெளியே போய்விட்டால், அது திரும்ப வரும்வரை, பிரிவின் இரு முனை ஸ்டேஷன்களிலும் மற்ற உருண்டைகளை வைத்திருக்கும் இயந்திரம் இன்னொன்றைக் கொடுக்காது. தலைகீழாக நின்றாலும் கொடுக்காது.

வந்த வண்டியின் பையை வாங்கி, என் அறைக்குக் கொண்டுவந்து, பழைய உருண்டையை இயந்திரத்தில் போட்டு, அடுத்த பிரிவின் உருண்டையை எடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். ஓட்டுநர் பையைத் திறந்து பெயரைப் படிக்க வேண்டும். விதி அப்படி. ஆனால் மழையில் யார் திறந்து படிக்கிறார்கள்? பையைத் தட்டிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் தடத்துக்கு ஆண்டு விழா வருகிறது, வரலாறு எழுதிக் கொடு என்று மேலிடத்தில் என் தலையில் கட்டினார்கள். மூன்று வாரம் பழைய பதிவேடுகளைப் படித்தேன். அதில் அறுபத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு விபத்து இருந்தது. மழை நாள், பிற்பகல் 3:29, பாலத்தின் மேல் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர். நாற்பத்தொரு பேர். காரணம்: வந்த பையை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்த டோக்கன் போர்ட்டர், எண் 42. அடுத்த வரி: 'மேற்படி போர்ட்டர் தலைமறைவு.' எதிர் வண்டியில் இருந்த உருண்டை தண்ணீரில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் மாதாந்தரக் கணக்கில் ஒரே குறிப்பு வருகிறது: பாலப் பிரிவின் உருண்டைகள், இரு முனையிலும் சேர்த்து, இருக்க வேண்டியது 24, இருப்பது 23.

அதையும் எழுதி அனுப்பினேன். அதிகாரி போன் செய்தார்.

"விழா மலர்ல சாவு எதுக்கும்மா? அடிச்சிடுங்க."

அடித்தேன். காலை 11 மணிக்கு, சிவப்பு மையில், என் கையாலேயே.

11:05-க்கு டோக்கன் இயந்திரத்தின் மணி ஒரு தடவை அடித்தது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று போனை எடுத்தேன்.

"நான் அடிக்கலையே" என்றார் அங்கிருந்தவர்.

11:40-க்கு இன்னொரு தடவை. 1:15-க்கு இன்னொன்று. மின்னல்தான் என்று நினைத்துக்கொண்டேன். காலையிலேயே மின்னல் விழுந்து சிக்னல்கள் செத்துப்போயிருந்தன. அன்றைக்கு உருண்டை மட்டும்தான் அனுமதி.

இரண்டு மணிக்கு மழை கொட்ட ஆரம்பித்தது. என் அறைத் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. எங்கள் போர்ட்டரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வேலைதான் என்று துடைக்கச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார்.

"நான் பூட்ஸ் போட்டிருக்கேன் மேடம். இது வெறுங்கால்."

துடைத்துவிட்டுப் போனார். துணியில் மணல் ஒட்டியிருந்தது.

3:14. கடற்கரையிலிருந்து வண்டி கிளம்பியது. அந்தப் பிரிவின் உருண்டை அதனிடம் இருந்தது.

3:16. நகரத்திலிருந்து வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் என் தம்பி.

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது நான். ரயில்வே தேர்வுக்குப் படி படி என்று உயிரை எடுத்ததும் நான்தான். அவனுக்கு இப்போது முப்பத்தாறு வயது. என் கண்ணுக்கு அவன் இன்னும் ஒன்பது வயதுப் பையன்தான். அவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"அக்கா! டீ உண்டா?"

"வண்டிய விட்டு இறங்கி வந்து குடிடா, சோம்பேறி!"

சிரித்தான். மழையில் அந்தச் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

3:19. சித்தப்பா பையைக் கொண்டுவந்தார். திறந்து, படித்து, உருண்டையை இயந்திரத்தில் போட்டேன். காலிப் பையை மேசை மேல் வைத்தேன். எதிர் வண்டி 3:31-க்கு வந்து சேரும். அதன் பிறகுதான் தம்பிக்கு உருண்டை. சித்தப்பா வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

3:22. சுவரில் இருந்த பழைய போன் அடித்தது.

அது பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த லெவல் கிராசிங் கேட்டுக்குப் போகும் போன். கேட்டை எடுத்து முப்பது வருடம் ஆகிறது. கம்பியை நானே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

எடுத்தேன்.

பேச்சு இல்லை. மூச்சு மட்டும்... இரைக்க இரைக்க மூச்சு. கருங்கல் ஜல்லியில் ஓடும் காலடி... சரக், சரக், சரக்...

"யாரு?" என்றேன்.

நின்றுவிட்டது.

3:24. ஜன்னலைப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் கோடியில், தம்பியின் ஓட்டுநர் அறைக்குக் கீழே ஒருவர். காக்கி அரைக்கால் சட்டை. வெறுங்கால். கையை உயர்த்தி ஒரு வளையத்தை நீட்டுகிறார்.

தம்பி வாங்கினான். பையைத் தட்டினான்.

"சித்தப்பா! தம்பிகிட்ட யாரு பை குடுக்கிறது?"

"நான் இங்கதான மேடம் நிக்கிறேன்..."

மேசையைப் பார்த்தேன். காலிப் பை இல்லை.

ஹாரன் அடித்தது. வண்டி நகர்ந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சிவப்புக் கொடியை வீசினேன். கத்தினேன். மழை என் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. ஓட்டுநர்கள் வேலையில் செல்போனை அணைத்துவைக்க வேண்டும். விதி. அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டியது.

தண்டவாளத்தில் குதித்து ஓடினேன்.

சிக்னல் இல்லாததால் வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனாலும் அது வண்டி. நான் ஐம்பது வயதுக்காரி. ஒரு செருப்பு போயிற்று. முட்டியில் ரத்தம். பாலத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். எதிர் வண்டி இந்நேரம் பாலத்தில் ஏறியிருக்கும்.

"நில்லுடா... டேய், நில்லுடா... அக்கா சொல்றேன்ல..."

அப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு முன்னால் ஒருவர் ஓடுகிறார்.

அதே காக்கி. அதே வெறுங்கால். சரக், சரக், சரக்...

மனிதர்கள் அப்படி ஓட மாட்டார்கள்.

கடைசிப் பெட்டியைப் பிடித்தார். அடுத்த பெட்டியைத் தாண்டினார். அடுத்தது...

மழையில் மறைந்தார்.

"காப்பாத்துங்க..." என்று அவரைப் பார்த்துத்தான் கத்தினேன். வேறு யார் இருந்தார்கள்?

பிரேக் சத்தம்.

நீளமாக... கிறீச்சென்று...

பிறகு ஒன்றுமில்லை.

மோதும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். காதைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சத்தம் வரவே இல்லை.

வண்டி பாலத்தின் வாயில் நின்றிருந்தது. நாற்பதடி தள்ளி, எதிர் வண்டியின் விளக்கு. பாலத்தில் நடை வேகத்தில்தான் வர வேண்டும் என்பதால் அதுவும் நின்றுவிட்டது. தம்பி கீழே இறங்கி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பயணிகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எத்தனை மணிக்குடா நிறுத்தின?"

"3:29."

"ஏன் கிளம்பின?"

"டோக்கன் கையில வந்தா எதிர்ல யாரும் இல்லைன்னுதானக்கா அர்த்தம்?"

"அப்புறம் ஏன் நின்ன?"

அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒருத்தர்... வண்டி கூடவே ஓடி வந்தாரு. கதவைத் தட்டினாரு. 'பையத் திறந்து பாரு, பையத் திறந்து பாரு'ன்னு... கையில பித்தளை வில்லை. நாப்பத்திரண்டு."

பையை அவன் இன்னும் விடவில்லை. வாங்கித் திறந்தேன். ஈர மணல். அதற்குள் ஓர் உருண்டை. துருப்பிடித்து, மேலெல்லாம் சிப்பி ஒட்டி... நகத்தால் சுரண்டினேன். எங்கள் பாலப் பிரிவின் பெயர்.

அன்று மாலை இரண்டு பக்கமும் எண்ணினோம். இருபத்து நான்கு.

விசாரணை வந்தது. தம்பி டோக்கனைப் படிக்காமல் கிளம்பினான், எனக்குக் கவனம் போதாது என்று இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். யார் பை கொடுத்தது என்ற கேள்விக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

நான் விடவில்லை. பரணில் இருந்த பழைய கட்டுகளை மறுபடி பிரித்தேன். அடியில் பாலத்துக் கேட்மேனின் வாக்குமூலம் கிடைத்தது. அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

'போர்ட்டர் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினார். கதவைத் தட்டினார். பையத் திறந்து பாரு என்று கத்தினார். பாலத்தின் மேலும் ஓடினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பையை மாற்றாமல் கொடுத்தனுப்பியது ஸ்டேஷன் மாஸ்டர்தான் என்று ஓடும்போதே என்னிடம் கத்திவிட்டுப் போனார்.'

ஓரத்தில் ஒரு குறிப்பு: 'நம்பத்தக்கதல்ல.' கீழே கையெழுத்து. அன்றைய ஸ்டேஷன் மாஸ்டருடையது. நான் உட்காரும் அதே நாற்காலி.

போர்ட்டர் தலைமறைவாகவில்லை. நாற்பத்தொரு பேர் இல்லை, நாற்பத்திரண்டு பேர்.

அடித்த பகுதியை மறுபடி எழுதினேன். வாக்குமூலத்தையும் சேர்த்தேன். அதிகாரியின் வீட்டு வாசலில் நின்று, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "பார்க்கலாம்மா" என்றார்.

இன்று விழா மலர் அச்சாகி வந்தது. எட்டாம் பக்கத்தில் பாலத்தின் படம் இருக்கிறது. அந்த வரிகள் இல்லை.

மலர் வந்த பெட்டியைப் பிரித்தபோது மணி காலை 11. 11:05-க்கு இயந்திரத்தின் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

ஓடிப்போய் எண்ணினேன். கடற்கரைக்குப் போன் செய்து அங்கேயும் எண்ணச் சொன்னேன். இரண்டு தடவை, மூன்று தடவை.

இருபத்து மூன்று.

தம்பியை லீவு போடச் சொன்னேன். "போக்கா" என்று சிரிக்கிறான். அதனால்தான் அவசர அவசரமாக இங்கே எழுதுகிறேன். எங்காவது ஓர் இடத்தில் அச்சில் இருக்கட்டும். எண் 42 தலைமறைவாகவில்லை. அவர் ஓடினார். கடைசிவரை கதவைத் தட்டிக்கொண்டே ஓடினார்.

இப்போது மணி 2:50. மழை ஆரம்பித்துவிட்டது. 3:16 வண்டியை என் தம்பிதான் ஓட்டி வருகிறான்.